சீல் உடையாத எண்ணெய்

கார் இன்ஜினில் ஊற்றும் சிந்தெடிக் ஆயில் எந்தக் கம்பெனியுடையது என்பதால் காரின் ஓட்டத்தில் வித்தியாசம் வருமா, வராதா? இந்தக் கேள்விக்கு அரசு வாகனப் பராமரிப்பு இயக்ககம் கண்ட இறுதி விடையை நடுநிலை தவறாமல் எடுத்துச்சொல்லும் தகுதி எனக்கு ஒருவனுக்குத்தான் உண்டு. ஏனென்றால் சண்டை போட்ட இரண்டு தரப்பும் எனக்கு மாமா.

இயக்குநர் என் அம்மாவின் அண்ணன். அதனால் மாமா. துணை இயக்குநரின் மகளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அதனால் அவரும் மாமா. அலுவலகத்துக்குள் இருவரும் ஐயா. நான் அங்கே உதவிக் கண்காணிப்பாளர். எதைக் கண்காணிக்க உதவுகிறேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால், கேள்வியை உரிய பிரிவுக்கு அனுப்பிவைப்பேன்.

பழுதான அரசு வண்டிகளைப் பராமரிப்பது எங்கள் கடமை. முற்றத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே அந்தக் கடமையை எவ்வளவு கவனமாகச் செய்கிறோம் என்பது விளங்கும். வந்தபோது எப்படி இருந்தனவோ, ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படியே இருக்கின்றன. சில வண்டிகளுக்குள் புல் முளைத்திருக்கிறது. அது தோட்டப் பிரிவின் பொறுப்பு.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த அலுவலகத்துக்கு ஒரு நாள் இயக்குநர் மாமா சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். வாயிற்காவலர் பதறிப்போய், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்றார்.

“ஒண்ணும் இல்லப்பா. நீல டின் ஆயில் போட்டேன். வண்டி தானா பறக்குது. ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்கவே பயமா இருக்கு” என்றார் மாமா.

எதிர் அறையிலிருந்து துணை இயக்குநர் மாமா எட்டிப் பார்த்தார். “நீல டின்னா? அது தையல் மிஷினுக்கு விடறதாச்சே! கார்னா பொன் டின்தாங்க. என் வண்டி ஸ்டார்ட் ஆனதே எனக்குத் தெரியறதில்ல. பல நாள் இறங்கி வந்து பார்த்துத்தான் ஓடுதான்னு தெரிஞ்சுக்கறேன்.”

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது.

சில நாட்களில் அலுவலகம் இரண்டாகப் பிளந்தது. நீலக் கட்சிக்காரர்கள் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பொன் கட்சிக்காரர்களுக்கு மின்விசிறியடி. கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் நிதானமாகவே இருந்தார்கள். கார் இல்லாதவர்கள்தான் உயிரைக் கொடுத்து வாதாடினார்கள். சைக்கிளில் வரும் தட்டச்சர், செயினுக்கு நீல டின் விட்டதிலிருந்து மிதிக்கவே வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும் என்று சத்தியம் செய்தார். அவர் வீடு மேட்டில், அலுவலகம் பள்ளத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டிய பொன் கட்சிக்காரரிடம், “அப்ப சாயந்திரம் எப்படிங்க போறேன்?” என்று கேட்டார். சாயந்திரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். ஆனால் அதுகூட லேசாக உருளுகிறதாம்.

கணக்கு அதிகாரி ஒரு சொட்டு எண்ணெயை விரல் நுனியில் வைத்து, கண்ணை மூடி முகர்ந்து, “முதல்ல ஒரு முரட்டுத்தனம், போகப்போக ஒரு சாந்தம்” என்று சொல்லக் கற்றுக்கொண்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் அவர் கருத்துக்குக் கூடுதல் மதிப்பு இருந்தது.

எனக்கு வந்த கவலை வேறு. ஒரு நாள் துணை இயக்குநர் மாமா, அதாவது பொன் மாமா, என்னைத் தனியாக அழைத்தார்.

“மாப்ள, உங்க கார்ல என்ன ஆயில்?”

“எனக்குக் கார் இல்லீங்களே மாமா.”

“வாங்கினா?”

நான் திருதிருவென விழித்தேன். அந்த முழியை அவர் நீலம் என்றே எடுத்துக்கொண்டார். “இங்க பாருங்க. நீல டின் ஊத்தற குடும்பத்துக்கு என் பொண்ணை அனுப்பிட்டு நான் நிம்மதியா தூங்க முடியாது” என்றார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே இயக்குநர் மாமா, அதாவது நீல மாமா, கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “டேய், நம்ம வீட்டு வாசல்ல மருமக பொன் டின் கார்ல வந்து இறங்கினா நான் முகத்தை எங்கடா கொண்டுபோய் வச்சுக்கறது?”

“அண்ணே, அந்த எண்ணெயில என்ன பொரிக்கவா போறோம்?” என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

“உனக்குப் புரியாது. இது கொள்கை.”

எந்த எண்ணெய் மேல் என்று அதிகாரபூர்வமாக நிரூபித்தாக வேண்டும், தோற்ற தரப்பு அந்தக் கல்யாணத்தில் கால் வைக்காது என்று இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். நீலம் ஜெயித்தால் பெண் வீடு இல்லை. பொன் ஜெயித்தால் பிள்ளை வீடு இல்லை. எப்படிப் பார்த்தாலும் எனக்குக் கல்யாணம் இல்லை.

எனக்கோ அவள்தான் வேண்டும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள். நான் லைசென்ஸ் தேர்வில் கம்பத்தை இடித்துத் தோற்றபோதெல்லாம் மைதானமே சிரித்தது. அவள் மட்டும் இறங்கிப் போய்க் கம்பத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, “பரவாயில்ல, இந்தத் தடவை கம்பம் முழுசா விழல” என்றாள். அப்படி ஒருத்தியை எண்ணெய்க்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

எண்ணெய்த் தாக்க ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. தலைவர், கார் ஓட்டத் தெரியாத கணக்கு அதிகாரி. உறுப்பினர், பொருட்காப்பாளர். செயலாளர், நான். இயக்ககத்தில் ஓடக்கூடிய நிலையில் இருந்த ஒரே மாதிரியான இரண்டு கார்கள் தேர்வாயின. ஓட்டுவதற்கு நடுநிலையான ஆள் வேண்டும் என்றபோது, ஒரு தரப்புக்கு மகளாகவும் மறு தரப்புக்கு மருமகளாகவும் இருப்பவளைவிட நடுநிலையானவர் உலகத்தில் உண்டா என்று கணக்கு அதிகாரி கேட்டார். இரண்டு மாமாக்களும் தலையாட்டினார்கள். தங்கள் பக்கம்தான் அவள் நடுநிலை வகிப்பாள் என்று இருவருக்கும் நிச்சயம்.

கடையிலிருந்து ஒரு நீல டின்னும் ஒரு பொன் டின்னும் வந்தன. வந்த கையோடு பொருட்காப்பாளர் இரண்டுக்கும் அரக்கு உருக்கி சீல் வைத்துவிட்டார்.

இந்தப் பொருட்காப்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை. அலுவலகத்தில் அவர் பெயர் ‘அரக்கு’. கையில் கிடைத்த எதற்கும் சீல் வைப்பார். தன் சாப்பாட்டு டப்பாவுக்குக்கூட வைப்பார். மதியம் அதை உடைக்க மேலதிகாரியின் ஒப்புதல் வாங்குவார். மேலதிகாரி விடுப்பில் இருந்தால் பட்டினி கிடப்பார். நேர்மையான மனிதர்.

ஆய்வு நாளன்று டின்களை வாங்கப் போனேன்.

“தாராளமா எடுத்துட்டுப் போங்க” என்றார் அரக்கு. “சீல் மட்டும் உடையக் கூடாது. ஆய்வுப் பொருள். அறிக்கை வந்த பிறகுதான் உடைக்கலாம். விதி.”

“ஆயிலை ஊத்தி ஓட்டிப் பார்த்தாத்தானே அறிக்கை எழுத முடியும்?”

“அப்படியா? அப்ப அறிக்கையை முதல்ல எழுதிடுங்க.”

“எழுதறதுக்கு ஊத்தணுமேங்க!”

“ஊத்தறதுக்கு உடைக்கணும். உடைக்கறதுக்கு அறிக்கை வேணும்.” அவர் குரலில் எரிச்சலே இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் பொறுமையாகச் சொன்னார். “அதோட, வண்டியில இருக்கற பழைய ஆயிலை வெளிய எடுக்கறதா இருந்தா அது கழிவு. கழிவுக்குத் தனித் துறை. அவங்களுக்கு எழுதிப் போட்டா உங்க பேரன் காலத்துல பதில் வரும்.”

“எனக்குக் கல்யாணமே ஆகலீங்க.”

“அதான் சொல்றேன். அவசரப்படாதீங்க.”

குழு அவசரமாகக் கூடியது. கணக்கு அதிகாரி குழுவை அமைத்த ஆணையைக் கையில் வாங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். ‘ஒவ்வொரு காருக்கும் உரிய எண்ணெய் வழங்கப்பட்டு ஓட்டம் மதிப்பிடப்படும்’ என்று இருந்தது. ஊற்ற வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அவர் முகம் மலர்ந்தது. நீல டின் ஒரு காரின் டிக்கியில் வழங்கப்பட்டது. பொன் டின் இன்னொரு காரின் டிக்கியில் வழங்கப்பட்டது. எண்ணெய் வழங்கல் இனிதே நிறைவுற்றதாக நான் குறித்துக்கொண்டேன். மாமாக்களிடம் இதைச் சொல்லிக் குழப்புவானேன் என்று மூவரும் ஒருமனதாக முடிவெடுத்தோம்.

அவள் வந்தாள். முதலில் நீலக் கார். நீல மாமா முன் இருக்கையில், நான் பின்னால். தெருமுனை திரும்புவதற்குள் மாமா உருகிவிட்டார்.

“பார்த்தியா இழுவையை! இன்ஜின் சத்தம் கேக்குதா?”

“கேக்குதுங்களே” என்றாள் அவள்.

“கேக்குது. ஆனா எப்படிக் கேக்குது? பாடற மாதிரி!”

அடுத்தது பொன் கார். பொன் மாமா சீட்டில் சாய்ந்து, “அம்மா, வெண்ணெய்! வெண்ணெய்ல போற மாதிரி!” என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்போது கார் ஒரு பள்ளத்தில் இறங்கி, என் தலை கூரையில் இடித்தது. “பள்ளம்கூட எவ்வளவு மெதுவா இருக்கு பாரு” என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டின் டிக்கியில் கிடந்து உருள்வது எனக்குத் தெரியும். அது உருளும் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. இருந்தும் நீலக் கார் மேட்டில் ஏறியபோது, உள்ளதைச் சொல்கிறேன், ஒரு துடிப்பு தெரியத்தான் செய்தது.

இரண்டு கார்களும் முற்றத்துக்குத் திரும்பின. மாமாக்கள் வெற்றிக் களிப்போடு அவரவர் அறைக்குப் போனார்கள். அவள் மட்டும் பானட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்தாள். துணியில் தார் போல ஒன்று ஒட்டிக்கொண்டது. இன்னொரு காரிலும் அதே தார்.

“இதென்ன?”

“எண்ணெய்” என்றேன்.

“இந்த ஆயிலுக்கு என் வயசு இருக்கும். புது ஆயில் எங்க?”

டிக்கியைக் காட்டினேன். அவள் அரக்கு முத்திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி முத்திரையைப் பார்த்தாள். முத்திரைமேல் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை இருந்ததாகத் தோன்றியது.

“உள்ள போய் உண்மையைச் சொல்லிடலாம் வாங்க.”

“வேண்டாம்மா. சொன்னா ரெண்டு பேர் மானமும் போகும். மானம் போனா கல்யாணம் போச்சு. எதையாவது பூசி மெழுகி எழுதிடறேன்.”

“பொய்யை வச்சுக் கல்யாணமா? அதுக்கு நான் கம்பத்தையே கட்டிக்குவேன்.”

விறுவிறுவென்று உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். கூட்ட அறையில் இரண்டு மாமாக்களும் மேசையின் இரண்டு முனைகளில், அவரவர் கட்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கணக்கு அதிகாரியும் அரக்கும்.

“அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேளுங்க. ரெண்டு டின்னும் திறக்கவே இல்ல. டிக்கியிலதான் இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் போனது ஒரே பழைய ஆயில்லதான்.”

தட்டச்சர் பழக்க தோஷத்தில் இரண்டு எழுத்து தட்டிவிட்டு நிறுத்தினார். நீல மாமாவின் காது சிவந்தது. பொன் மாமா தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார். என் கல்யாணம் என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீல மாமா மெல்ல எழுந்தார்.

“டின்னைத் திறக்கவே இல்லையா?”

“இல்லீங்க” என்றாள் அவள்.

“டிக்கியில சும்மா இருந்துச்சா?”

“ஆமாங்க.”

“சும்மா இருந்ததுக்கே அந்த இழுவையா!” மாமா மேசையில் ஓங்கி அடித்தார். “திறக்காத நீல டின்னுக்கே இந்தச் சக்தின்னா, திறந்தா என்னாகும்!”

“எங்க டின்னும்தான் திறக்கல!” பொன் மாமா துள்ளி எழுந்தார். “பள்ளமே தெரியலையேப்பா! மூடியிருக்கறப்பவே!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேசையைச் சுற்றி வந்து கட்டிக்கொண்டார்கள். இரண்டுமே, திறக்காத நிலையில், உலகத் தரம் வாய்ந்தவை என்று தீர்மானம் நிறைவேறியது. தோற்ற தரப்பு இல்லை. அதனால் கல்யாணம் உண்டு. நான் அரக்கின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகிழ்ச்சி சிலருக்கு அப்படி வெளிப்படும்.

பொதுநலன் கருதி ஆணை பிறந்தது. ‘அனைத்து வாகனங்களிலும் சீல் வைக்கப்பட்ட சிந்தெடிக் எண்ணெய் டின் ஒன்று டிக்கியில் வைக்கப்படல் வேண்டும். மேற்படி டின்னைத் திறந்து எண்ணெயின் ஆற்றலை வீணடிப்போர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ ஊரே ஆவலோடு கீழ்ப்படிந்தது. மக்கள் இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்ததுபோல் இருந்தது. டிக்கியில் வைத்தால் யாருக்குத் தெரியும் என்று வசதியானவர்கள் முன் கண்ணாடியோரம் வைத்தார்கள். தட்டச்சர் சைக்கிள் கேரியரில் கட்டினார். கல்லூரி மாணவர்கள் கைக்கடக்கமான குட்டி டின்னைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள், களைப்பே தெரியவில்லையாம். கணக்கு அதிகாரி மூடிய டின்னை முகர்ந்தே கம்பெனி சொன்னார். டின் வெளியே நீலமாக இருந்தால் தவறாமல் நீலம் என்பார்.

ஊரில் ஒரு காருக்கும் யாரும் ஆயில் மாற்றவில்லை. அதுதான் டிக்கியில் இருக்கிறதே!

“ஒரு நாள் எல்லா இன்ஜினும் இறுகி நிக்கப்போகுது, பாருங்க” என்றாள் அவள்.

“நின்னா பராமரிக்கத்தானே எங்க இயக்ககம் இருக்கு” என்று ஆறுதல் சொன்னேன். அவள் தன் பயிற்சிக் காருக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டுத்தனமாக, டின்னைத் திறந்து எண்ணெய் ஊற்றினாள்.

கல்யாண நாள் வந்தது. பதிவு அலுவலகத்தில் பதிவு; சாயந்திரம் அலுவலகம் பூட்டுவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். நான் புதுச் சட்டை போட்டு நீல மாமாவின் காரில் ஏறினேன். நல்ல வெயில். கடைவீதி நுழைந்ததும் எங்களுக்கு முன்னால் ஒரு கார் இருமியது. பிறகு கரகரத்தது. பிறகு ஒரு பெரிய சத்தத்தோடு நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் நாங்கள். அரை மணி நேரத்துக்குள் கடைவீதி முழுவதும் காராக நின்றது. எல்லா டிக்கியிலும் டின் பத்திரமாக இருந்தது.

நீல மாமா இறங்கி முன்னும் பின்னும் பார்த்தார். “கவனிச்சியாடா? பொன் டின் வண்டி எல்லாம் நமக்கு நாலடி பின்னாடியே நின்னுடுச்சு” என்றார்.

பின்னால் நின்ற காரிலிருந்து பொன் மாமா இறங்கினார். “அவசரப்பட்டு நிக்கறதுக்கு நாங்க என்ன நீலமா? நிதானமா நின்னோம்!”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் நடந்து வந்தாள். கல்யாணப் புடவை, காலில் பயிற்சி மைதானத்து ரப்பர் ஷூ. “என் கார் அருமையா ஓடுது. ஓடறதுக்குத்தான் ஊர்ல இடம் இல்ல” என்றாள். “வாங்க, நடந்தே போயிடலாம்.”

“போய் என்ன பண்றது?” என்று நான் முன்னால் கையைக் காட்டினேன். முதலில் இருமிய காருக்குள் பதிவாளர் உட்கார்ந்திருந்தார்.

அவள் ஜன்னலைத் தட்டினாள். “சார், இங்கயே கையெழுத்து போட்டுடறோம்.”

“அலுவலக வளாகத்துக்கு வெளிய எனக்கு அதிகாரம் இல்லம்மா.”

“அப்ப எங்ககூட நடந்து வாங்க.”

“அரசு வண்டியை நடுரோட்டுல விட்டுட்டு இறங்க முன் அனுமதி வேணும்.”

“யார்கிட்ட?”

“என்கிட்டதான். ஆனா நான் இப்ப அலுவலகத்துல இல்லையே.”

வேறு வழியில்லை. பதிவாளரை உள்ளே வைத்தே காரைத் தள்ளினோம். நீல மாமா இடப்பக்கம், பொன் மாமா வலப்பக்கம், நடுவில் நானும் அவளும். மாமாக்களின் பளபளப்பான தோல் செருப்புகள் வழுக்கி, இருவரும் மாறி மாறி மண்ணைக் கவ்வினார்கள். சிரித்துச் சிரித்து எனக்குத் தள்ளும் பலமே போய்விட்டது. அவளும் சிரித்தாள். அந்தத் தெரு முழுக்க யார் யாரோ யார் யாருடைய காரையோ தள்ளிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தைப் பூட்ட வந்த காவலாளியின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி, பதிவாளரை அவர் நாற்காலியில் உட்கார வைத்து, அவரிடம் முன் அனுமதி வாங்கி, கையெழுத்துப் போட்டோம். கல்யாணம் நடந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

வெளியே படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். அவள் தன் காலைத் தூக்கிப் பெருமையாகப் பார்த்தாள்.

“இந்த ஷூ இல்லன்னா இன்னிக்குக் கல்யாணமே நடந்திருக்காது.”

நான் சிரித்தேன்.

“எதுக்குச் சிரிக்கறீங்க? நிஜமாத்தான் சொல்றேன். இந்தக் கம்பெனி ஷூவுக்குப் பிடிமானமே தனி. மத்த ஷூவைப் போட்டு நீங்க காரைத் தள்ளவே முடியாது.”

அவள் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. குனிந்து என் காலைப் பார்த்தேன்.

“மன்னிக்கணும்மா. காரைத் தள்ளினது என் ஷூ.”

கல்யாணமான அன்றே வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஆனால் பேச ஊரில் ஆள் இருந்தது. எல்லோரும் தள்ளியிருந்தார்கள், எல்லோர் காலிலும் ஏதோ ஒன்று இருந்தது. அடுத்த வாரமே ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. கார் தள்ளும் திறனில் ஷூ கம்பெனியின் தாக்கம். தலைவர், அதே கணக்கு அதிகாரி. செயலாளர், நான். நடுநிலையான தள்ளுநராக அவள்.

காலையில் பொருட்காப்பறைக்குப் போனேன். இரண்டு ஜோடி ஷூவையும் அட்டைப் பெட்டியில் போட்டு, அரக்கு ஏற்கெனவே சீல் வைத்துவிட்டிருந்தார். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், என் கம்பெனிப் பெட்டியில் ஒரு பிடிமானம் தெரியத்தான் செய்தது.